நாத்தனார் கொடுக்கும் பழைய அமெரிக்கத் தொட்டிலை வாங்கிக்கொள்ளலாமா, புதிதாகச் செய்யலாமா?

சங்கரி_காலடிப்பேட்டை

எனக்கு இப்போது ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. வளைகாப்பு ஆகிவிட்டது, அடுத்த வாரம் வியாசர்பாடியில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ இங்கே திரும்பி வருவேன். அதற்குள் வீட்டில் தொட்டில் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது.

என் நாத்தனார் நியூ ஜெர்சியில் இருந்தபோது 2009இல் முதல் பையனுக்காக வாங்கிய கிரிப் ஒன்று இருக்கிறது. கம்பித் தடுப்பு வைத்த குட்டிக் கட்டில் மாதிரி, நல்ல கனமான மரம், பார்க்க ராஜா வீட்டுச் சாமான் போல இருக்கும். 2013இல் அங்கே வீட்டைக் காலி செய்து வரும்போது கன்டெய்னரில் போட்டு இங்கே கொண்டுவந்து, இரண்டாவது பெண்ணையும் அதில்தான் வளர்த்தார். அப்போதிலிருந்து கொளத்தூரில் அவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. இரண்டு பிள்ளைகளை வளர்த்த ராசியான தொட்டில், அதைவிட்டு வேறு எதற்கு என்கிறார் அத்தை. ஒரு பக்கத் தடுப்பை லேசாகத் தூக்கி அழுத்தினால் கீழே இறங்கும், குனியாமல் குழந்தையை எடுக்கலாம், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. மெத்தையை எலி கடித்துவிட்டதால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். போல்ட்டுகள் ஒரு கவரில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்ததில் இரண்டு குறைகிறது. ஹார்டுவேர் கடையில் அதே மாதிரி கிடைக்கும் என்கிறார் என் கணவர்.

அவருடைய கட்சி வேறு. சேலையில் தூளி கட்டினால் முடிந்தது, எதற்கு இந்தச் செலவெல்லாம் என்பது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு கடையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த இரும்புத் தொட்டில் 6,500 சொன்னார்கள், கீழே சக்கரம், கொசுவலை இலவசம். தச்சரிடம் கொடுத்துச் செய்யலாமா என்றும் ஒரு யோசனை.

நாங்கள் இருப்பது முதல் மாடி, அறை பத்துக்குப் பதினொன்று. கடல் நாலு தெருவுக்கு அந்தப் பக்கம்தான், ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தே ஆகவேண்டும். எது பாதுகாப்பு, எது அடுத்த குழந்தைக்கும் தாங்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.


தண்டையார்பேட்டை_அப்பா

அந்த வெள்ளை இரும்புத் தொட்டிலை மட்டும் வாங்காதீர்கள் சிஸ்டர். நான் வாங்கினேன். கடை பெயரெல்லாம் வேண்டாம், எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் சக்கரம் மாட்டுகிற இடத்திலும் வெல்டிங் வைத்த இடத்திலும் பெயின்ட் கொப்பளம் மாதிரி எழும்பியது. விரலால் தொட்டால் செதில் செதிலாக வந்தது. பையனுக்கு அப்போது பல் முளைக்கிற நேரம், மேல் கம்பியை நக்கிக்கொண்டே நிற்பான். உப்புக்காற்று பெயின்ட்டுக்கு அடியில் புகுந்து வேலை செய்யும், நமக்கு வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

அதைவிட மோசம் கம்பி இடைவெளி. நேரான கம்பிகள் எல்லாம் நெருக்கமாகத்தான் இருந்தன. தலைமாட்டில் அழகுக்காக இதயம் மாதிரி வளைத்து ஒரு டிசைன் வைத்திருந்தார்கள். அந்த வளைவுக்குப் பக்கத்தில் இடைவெளி எட்டரை சென்டிமீட்டர். நான் அளந்தது எப்போது என்றால், ஒருநாள் விடியற்காலை பையன் காலைத் தொடைவரைக்கும் அதற்குள் விட்டு வெளியே எடுக்க முடியாமல் கத்தியபோது. தேங்காய் எண்ணெய் போட்டு, நான் ஒரு பக்கம் தாங்க, என் மனைவி இன்னொரு பக்கம் மெதுவாகத் திருப்பி எடுத்தோம். தொடையில் சிவப்பு வளையம் இரண்டு நாள் இருந்தது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு மேல் போனால் குழந்தையின் உடம்பு கால் வழியாக நழுவி வெளியே போய்விடும், தலை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டு தொங்கும். நல்லவேளை, எங்களுக்குத் தொடையோடு போயிற்று.

குளிர்பான டின்னை நுழைத்துப் பாருங்கள், நுழைந்தால் இடைவெளி அதிகம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பழைய குண்டு டின்னுக்குச் சொன்னது. இப்போது கடையில் கிடைக்கும் ஒல்லி டின் நல்ல தொட்டிலிலேயே நுழைந்துவிடும், வீணாகக் குழம்புவீர்கள். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை எடுத்துப்போய் அளந்துவிடுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.


ராயபுரம்_தாத்தா

எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள், ஏழும் தூளிதான். அம்மாவின் பழைய நூல் புடவை, உத்தரத்தில் கயிறு, நடுவில் ஒரு கட்டை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. புடவையின் வாசனைக்கே குழந்தை தூங்கிவிடும். ஆறு சென்டிமீட்டர், எட்டு சென்டிமீட்டர் என்று ஸ்கேல் வைத்து யாரம்மா அளந்தார்கள்? காசு இருந்தால் குழந்தை பெயரில் போஸ்ட் ஆபீஸில் போடுங்கள்.


வார்டு_டியூட்டி

ஐயா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். அழுகிற குழந்தையை அமர்த்த தூளிக்கு நிகர் கிடையாது. நான் பிரசவ வார்டில் பதினாறு வருடமாக நர்ஸ், என் இரண்டு பெண்களையும் தூளியில் ஆட்டியிருக்கிறேன், ஆனால் தூங்கியதும் தூக்கிக் கீழே போட்டுவிடுவேன். தூளியில் குழந்தையின் முதுகு வில் மாதிரி வளைகிறது, தாடை நெஞ்சில் போய் முட்டுகிறது. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது, தலை அப்படி மடிந்தால் காற்று போகும் வழி குறுகிவிடும், தலையைத் தானாகத் தூக்கிச் சரிசெய்துகொள்ளவும் அதற்குத் தெரியாது. சத்தமே வராது, அதுதான் பயம். பக்கத்தில் ஆள் இருந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டுவது வேறு, இரவு முழுக்க அதில் விட்டுவிட்டு நாம் தூங்குவது வேறு. வளர்ந்த பிள்ளைகள் அதில் ஏறிச் சுற்றி விளையாடும்போது புடவை கழுத்தில் இறுகிப் போன செய்தி நம் ஊர்ப் பேப்பரில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் அவிழ்த்து மேலே சுருட்டி வையுங்கள்.

சங்கரி, உன் கேள்வியில் எல்லோரும் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. நீ காலடிப்பேட்டைக்குத் திரும்புவது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ. தூக்கத்தில் குழந்தை திடீரென்று போய்விடுகிறதே, காரணம் தெரியாத அந்த மரணம், அது அதிகமாக நடப்பது முதல் மாதத்திலிருந்து நாலாம் மாதத்துக்குள். அந்த நாட்களில் நீ எங்கே இருப்பாய்? அம்மா வீட்டில், கட்டிலில் உனக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு தலையணையை அணைகட்டி வைத்து, மேலே கம்பளி போர்த்தி. தொட்டிலை வாங்கி மாமியார் வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, அது அவசியமாகத் தேவைப்படுகிற மாதங்களில் குழந்தையை மெத்தென்ற பெரிய கட்டிலில் போடுகிறோம். நான் பார்க்கிற முக்கால்வாசி வீட்டில் இதுதான் நடக்கிறது. தொட்டில் முதலில் வரவேண்டியது வியாசர்பாடிக்கு.

அப்புறம், மல்லாக்கப் போடு. உன் அம்மாவும் அத்தையும் சேர்ந்து பால் கக்கினால் மூச்சடைக்கும் என்பார்கள். மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே இருக்கிறது. கக்கிய பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக்குழலுக்குப் போகமுடியும். குப்புறப் போட்டால்தான் அது தலைகீழாகிறது. அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் போடச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள், அந்த வகை மரணம் பிறகு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்து கிடையாது, ஊசி கிடையாது, திருப்பிப் போட்டதுதான்.

தொட்டிலுக்குள் ஒன்றும் வேண்டாம். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, பக்கத்தில் அணைப்புக்கு உருளை, சுற்றிலும் மெத்து மெத்தென்று கட்டுகிற துணித் தடுப்பு, பொம்மை, எதுவும் வேண்டாம். அந்தத் துணித் தடுப்பையும், தலைப்பக்கம் பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கையையும் அமெரிக்காவில் 2022இல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டார்கள், இங்கே இன்னும் தொட்டிலோடு சேர்த்து செட்டாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். தலையணைக்கு அடியில் இரும்பு வைக்கிற வீடு என்றால் தொட்டிலுக்குக் கீழே தரையில் வைத்துக்கொள்ளச் சொல். கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து கட்டவே கட்டாதே, இடுப்பில் அரைஞாணோடு நிறுத்திக்கொள், அதுவும் எங்கேயும் மாட்டாத அளவுக்கு இருக்கட்டும்.


ராயபுரம்_தாத்தா

தூங்கியதும் இறக்கிப் போடு என்று என் அம்மாவும் சொல்வார்கள், இப்போது ஞாபகம் வருகிறது. ஆனால் அதற்குக் காரணம் வேறு சொல்வார்கள், தூளியிலேயே தூங்கிப் பழகிய பிள்ளை தரையில் தூங்காது என்று. கடுகுத் தலையணையை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.


கொளத்தூர்_ரிட்டர்ன்

பக்கம் கீழே இறங்கும் அந்த மாடலை ஆங்கிலத்தில் டிராப் சைடு என்பார்கள். நாங்களும் அந்தக் காலத்தில் அங்கே இருந்தோம், அதையேதான் வாங்கினோம். உங்கள் நாத்தனார் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது நிம்மதிதான். ஆனால் அந்த மாடலை அந்த நாட்டிலேயே விற்கக்கூடாது. அங்கே நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 டிசம்பரில் விதியை மாற்றி, 2011 ஜூன் 28க்குப் பிறகு அப்படி இறங்குகிற பக்கம் வைத்த கிரிப்பைச் செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது என்று நிறுத்திவிட்டது. பழையதைக் கைமாற்றி விற்கவும் கூடாது. ஓட்டல்களுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் 2012 டிசம்பர்வரை தவணை கொடுத்தார்கள், அதற்குள் மாற்றிவிட வேண்டும். அதற்கு முன்னால் சுமார் பத்து வருடங்களில் 30க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்திருந்தார்கள்.

எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் ஏன் தடை என்பது புரியும். இறங்குகிற பக்கம் ஓரத்தில் பிளாஸ்டிக் கிளிப்பில் ஓடுகிறது. நாலைந்து வருடத்தில் பிளாஸ்டிக் தேயும், அல்லது கழற்றி மாட்டும்போது தலைகீழாக மாட்டிவிடுவோம். ஒரு மூலை மட்டும் கழன்று தடுப்பு சாயும், மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவில் புனல் மாதிரி ஒரு சந்து விழும். குழந்தை உருண்டு அதற்குள் போனால் ஏற முடியாது. உங்களுடையது பதினைந்து வருடத்துக்கு மேல் பழசு, ஒரு தடவை கடல் தாண்டி வந்திருக்கிறது, சென்னை வெயிலில் பரணில் வெந்திருக்கிறது, போல்ட்டும் இரண்டு இல்லை. இதற்கு மேல் என்ன யோசனை?


சங்கரி_காலடிப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா சொன்னதை அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினேன், அம்மா ரொம்ப நேரம் பேசவேயில்லை, அப்புறம் சரி என்றார்கள். ஆனால் அத்தை விடுவதாயில்லை. இறங்குகிற பக்கம்தானே பிரச்சினை, அதை நாலு ஸ்க்ரூ அடித்து அசையாமல் ஆக்கிவிட்டால் போச்சு என்கிறார். என் கணவரும் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார், செலவில்லாத யோசனை பாருங்கள். மரவேலை தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் கேட்பார்கள். நேற்று கொளத்தூர் போய் அளந்தும் வந்தேன். தொட்டிலின் உள்ளளவு நீளம் 52 இஞ்ச் சொச்சம், அகலம் 28. இங்கே கடையில் கேட்டால் குழந்தை மெத்தை 48க்கு 24தான் கிடைக்கிறது. மிச்ச இடத்தில் துண்டு மடித்து வைத்துக்கொள்ளலாமா?


உளிச்சத்தம்_ஓட்டேரி

துண்டு வைக்காதேம்மா. நீ எழுதிய எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து கடைசி வரியில்தான் இருக்கிறது. 28இல் 24 போனால் நாலு இஞ்ச் சந்து. கைக்குழந்தையின் முகம் அதற்குள் தாராளமாகப் போகும். துண்டு வைத்தால் துண்டு நகரும், அப்புறம் துண்டு முகத்தில். மெத்தைக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் சேர்ந்து போனாலே ஜாஸ்தி. அந்தத் தொட்டிலுக்கு அந்த ஊர் மெத்தைதான் சரிவரும், இங்கே ஆர்டர் கொடுத்து வெட்டித் தைக்க வேண்டும்.

ஸ்க்ரூ விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தோரு வருடமாகத் தச்சு வேலை, ஓட்டேரியில் சின்னப் பட்டறை. இறங்குகிற பக்கம் என்பது கால் கட்டையில் சேராத பக்கம், அது கிளிப்பில் மாட்டித் தொங்குகிறது, அவ்வளவுதான். மற்ற மூன்று பக்கமும் போல்ட்டில் இறுகி நிற்கும், இது மட்டும் விருந்தாளி. அதில் ஸ்க்ரூ அடித்தால் ஸ்க்ரூ பிடித்திருப்பது ஓரத்தில் முக்கால் இஞ்ச் மரத்தை. பத்து மாதப் பிள்ளை எழுந்து நின்று, மேல் கட்டையைப் பிடித்துக் குதிக்கும், தினமும் நூறு குதி. மரத்தில் நேராக ஏற்றிய ஸ்க்ரூ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கும், ஒருநாள் கையோடு வரும். அந்தக் கம்பெனிகள் சில மாடலுக்குத் தனியாகப் பூட்டுச் சாமான் கொடுத்ததாகக் கேள்வி, அது அந்தந்த மாடலுக்கு அளவெடுத்துச் செய்தது, நம் நாலு ஸ்க்ரூ அதற்கு ஈடாகாது. உன் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டு, இன்னும் நம்பவில்லை என்றால் பட்டறைக்கு வரச்சொல், பழைய பலகையில் ஸ்க்ரூ அடித்து ஆட்டிக் காட்டுகிறேன்.

செய்வது என்று முடிவானால் தொட்டிலுக்கு முன்னால் மெத்தையை வாங்கு. 48க்கு 24 என்று கடையில் சொல்வார்கள், டேப் வைத்தால் 47½ வரும், 23½ வரும். மெத்தையைத் தச்சரிடம் கொடுத்து, இதைச் சுற்றித் தொட்டில் செய் என்று சொல். தென்னை நார் மெத்தை நல்லது, நாலு இஞ்ச் கனம் போதும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி உடனே மறையவேண்டும், கைத்தடம் அப்படியே நின்றால் அது குழந்தைக்கு ஆகாது. இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்கு. குழந்தைக்கு அதில் பள்ளம் விழும்.

மரம் ரப்பர் மரமாக இருக்கட்டும், அதுவும் பதப்படுத்திய பலகை, இல்லையென்றால் ஆறே மாதத்தில் வண்டு மாவு கொட்டும். காசு இருந்தால் தேக்கு. வால்டாக்ஸ் ரோட்டில் மரக்கடைக்குத் தச்சரோடு நீயோ உன் அப்பாவோ ஒரு நடை போய்வாருங்கள். பழைய வீடு இடித்த தேக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கவனம். மரம் நன்றாகத்தான் இருக்கும், மேலே எத்தனை காலத்துப் பெயின்ட் என்று யாருக்கும் தெரியாது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் பட்டறை முழுக்கப் பறக்கும், மரத்தின் இழையிலும் தங்கும், பிள்ளை பல்லால் சுரண்டும். தச்சனுக்கும் கெடுதல், பிள்ளைக்கும் கெடுதல். கர்ப்பிணி நீ அந்த இடத்தில் நிற்கவே கூடாது.

ரீப்பர், அதாவது தடுப்பில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய மரச் சட்டம், அதன் இடைவெளி ஐந்தரை சென்டிமீட்டர் வைக்கச் சொல், ஆறு என்று சொன்னால் எங்கேயாவது ஆறரை ஆகிவிடும், எங்கள் கை எனக்குத் தெரியும். ரீப்பர் முனையைக் கட்டையில் துளைபோட்டு உள்ளே இறக்கிப் பசை வைக்கவேண்டும், மேலே வைத்து ஆணி அடிக்கிறவரிடம் கொடுக்காதே. குறுக்குக் கட்டை நடுவில் வேண்டவே வேண்டாம், அது பிள்ளைக்கு ஏணிப்படி. கால் கட்டையின் தலையில் கடைசல் குமிழ் வைக்கலாமா என்று தச்சர் ஆசையாகக் கேட்பார், எனக்கும் அந்த ஆசை உண்டு, எங்கள் அப்பா கடைசல் வேலைக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிடு. சட்டைக் கழுத்தோ கயிறோ அதில் மாட்டும். மட்டமாக இழைத்து, முனையை உருட்டி விட்டால் போதும்.

நாலு பக்கமும் போல்ட் நட்டில் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும். வியாசர்பாடியிலிருந்து காலடிப்பேட்டைக்குக் கழற்றி ஏற்றலாம், உங்கள் மாடிப்படியிலும் ஏறும். போல்ட் மட்டும் துருப்பிடிக்காத ஸ்டீலில் போடச் சொல், ஒன்றுக்கு நாலைந்து ரூபாய் கூட ஆகும், உங்கள் கடல்காற்றுக்கு அதுதான் நிற்கும். கழற்றியதும் அத்தனையையும் ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைத் தொட்டிலின் அடிப் பலகையிலேயே டேப் போட்டு ஒட்டிவிடு. உன் நாத்தனார் வீட்டில் இரண்டு காணாமல் போனது இப்படிச் செய்யாததால்தான். பழகும்வரை மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கவேண்டும், மழைக்காலத்தில் மரம் ஊதி வெயிலில் சுருங்கும், போல்ட் தளரும்.

அடிப் பலகை இரண்டு மட்டத்தில் மாட்டுகிற மாதிரி துளை போடச் சொல். முதலில் மேல் மட்டம், உனக்கும் தையல் போட்ட உடம்பு, குனிய வேண்டியதில்லை. குழந்தை கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்த அன்றே கீழ் மட்டத்துக்கு இறக்கிவிடு, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதே. கீழ் மட்டத்தில் பலகையிலிருந்து மேல் கட்டை வரைக்கும் 26 இஞ்ச் இருக்கவேண்டும். பிள்ளை மூன்றடி உயரம் நெருங்கினாலோ, கால் தூக்கி ஏறப் பார்த்தாலோ தொட்டில் காலம் முடிந்தது.


தண்டையார்பேட்டை_அப்பா

மாஸ்டர், சக்கரம் பற்றிச் சொல்லவில்லையே? எங்கள் வீட்டில் டைல்ஸ் தரை, பையன் ஆட்டி ஆட்டித் தொட்டிலை ஜன்னல்வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான், அங்கே கொசு மெஷின் ஒயர் தொங்கியது.


உளிச்சத்தம்_ஓட்டேரி

சக்கரம் வேண்டாம் தம்பி. அந்த 10க்கு 11 அறையில் எங்கே ஓட்டப்போகிறார்கள்? காலுக்கு அடியில் ரப்பர் புஷ் போட்டால் நகராது, தரைத் தண்ணீரும் மரத்தில் ஏறாது. ஜன்னல், ஒயர், திரைச்சீலைக் கயிறு எதற்கும் பக்கத்தில் போடாமல் இருந்தால் சரி.


வார்டு_டியூட்டி

கொசுவலையைத் தொட்டிலுக்கு மேலே தொளதொளவென்று போர்த்த வேண்டாம், குழந்தை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்ளும். நாலு பக்கமும் கம்பு நட்டு விறைப்பாகக் கட்டு, இல்லையென்றால் உன் கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து ஒரே பெரிய வலைக்குள் போட்டுவிடு, இரவு பால் கொடுக்கவும் வசதி. தொட்டில் எப்படியும் ஆறு மாதமாவது உன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். அப்புறம் கரன்ட் போனால் குழந்தைக்குக் குளிரும் என்று கம்பளி சுற்றாதே. சென்னையில் குழந்தைக்கு ஒரு பருத்திச் சட்டை போதும்.


சங்கரி_காலடிப்பேட்டை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், அம்மா வீட்டிலிருந்து. இன்னும் பிறக்கவில்லை, டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினொரு நாள் இருக்கிறது.

என் கணவர் பட்டறைக்குப் போகவில்லை, ஆனால் கொளத்தூர் போய் இறங்குகிற பக்கத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். கிளிப் ஒன்று விரல் பட்டதும் பிஸ்கட் மாதிரி உடைந்து கையில் வந்ததாம். அதை பேன்ட் பாக்கெட்டில் போட்டு எடுத்துவந்து அத்தை முன்னால் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அதோடு ராசிப் பேச்சு நின்றது. நாத்தனாருக்கு முதலில் கோபம், தான் ஏதோ கெட்டதைக் கொடுத்த மாதிரி ஆயிற்றே என்று. அப்புறம் அவரே, காயலான் கடைக்குப் போட்டால் யாராவது தூக்கிப்போய் மாட்டிவிடுவார்கள் என்று சொல்லி, அந்தப் பக்கத்தை இரண்டாக அறுத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

புதுத் தொட்டில் ரப்பர் மரத்தில், இங்கே வியாசர்பாடித் தச்சர் ஒருவர், மெத்தை, போல்ட் எல்லாம் சேர்த்து 14,200 ஆயிற்று. இடைவெளி ஸ்கேலில் எல்லா இடத்திலும் ஐந்தரை, ஒரே ஒரு இடத்தில் 5.8. குமிழ் வைக்கலாமா என்று அவரும் கேட்டார், உளிச்சத்தம் அண்ணா. பிறக்கும்முன் வீட்டுக்குள் வரக்கூடாதே, அதனால் பட்டறையிலேயே நிற்கிறது, பாலிஷ் வாசனையும் போனதாயிற்று, அத்தைக்கும் திருப்தி. குழந்தையும் நானும் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அன்று காலை அப்பா போய் எடுத்துவந்து மாட்டுவார், ஸ்பேனர்கூட வாங்கி வைத்துவிட்டார்.

மெத்தை மட்டும் இங்கே வந்துவிட்டது, மெத்தை தொட்டில் ஆகாது என்று அம்மா தீர்ப்பு. பிரிக்காமல் பீரோ மேல் வைத்திருக்கிறோம். அதன் மேல் எதிர்வீட்டுப் பூனை தினமும் மதியம் வந்து படுத்துக்கொள்கிறது, விரட்ட ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.